அக்கறை இல்லாத ஒருவர்

யாரிலப் ஷயர் மன்றம் நாற்பத்தாறு வருடத்துக்கு அப்பால் எட்டிப் பார்க்க வேண்டும் என்று பெர்த்திலிருந்து கடிதம் வந்த அன்று, மன்றக் கட்டடத்தில் கிறிஸ்துமஸ் விளக்குகள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. மாதம் ஏப்ரல். விளக்கைக் கழற்ற ஏணி வேண்டும். ஏணியை அந்த வருடத் திட்டத்தில் சேர்க்க மறந்துவிட்டார்கள். அடுத்த வருடத் திட்டத்தில் சேர்த்தால் அது கைக்கு வருவதற்குள் அடுத்த கிறிஸ்துமஸே வந்துவிடும், அப்புறம் எதற்குக் கழற்றுவது என்று ஒரு சாரார் வாதாடினார்கள். தொலைநோக்கு எங்களுக்கு ஒன்றும் புதிதல்ல.

மேற்கு ஆஸ்திரேலியாவில் ஷயர் என்றால் நாட்டுப்புற உள்ளாட்சி வட்டாரம். எங்கள் ஷயர் பெர்த்துக்குக் கிழக்கே ஒன்றேகால் மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. நகரத்துக்காரர்கள் எங்களைப் பட்டிக்காடு என்பார்கள். இன்னும் உள்ளே கோதுமை போடுகிறவர்களோ எங்களை நகரத்துக்காரர்கள் என்று திட்டுவார்கள். நாலாயிரம் பேர், அறுபதாயிரம் ஆடுகள், ஒரு போக்குவரத்து விளக்கு. அந்த விளக்கும் பாலம் பழுதுபார்க்கும்போது தற்காலிகமாக வைத்தது. பாலம் சரியாகி ஒன்பது வருடமாகிறது. பச்சைக்காகக் காத்து நிற்கும்போது நமக்கும் ஊர் ஒன்று இருக்கிறது என்ற நினைப்பு வருவதால் யாரும் அதை எடுக்கச் சொல்லவில்லை.

கடிதம் எழுதியது மாநகர நெடுங்காலத் திட்ட வாரியம். ‘பெர்த் 2070’ என்று தலைப்பு. நகரம் கிழக்கே வளரப்போகிறது. எங்கே நகரம் முடிந்து எங்கே நாட்டுப்புறம் தொடங்குகிறது என்று ஒரு கோடு போட வேண்டும். கோட்டுக்கு மேற்கே வீடு கட்டலாம். கிழக்கே மாடு மட்டும்தான் கட்டலாம். கோடு யாரிலப்புக்குள் எங்கேயோ போகப்போகிறது. எங்கே என்பதைப் பற்றி மன்றத்தின் ‘கண்ணோட்டத்தை’ இரண்டு பக்கத்துக்கு மிகாமல் தெரிவிக்கவும், வரைபடம் இணைக்கவும்.

கோட்டுக்கு எந்தப் பக்கம் விழுகிறோம் என்பதைப் பொறுத்து ஒரு மேய்ச்சல் நிலம் மேய்ச்சல் நிலமாகவே கிடக்கும், அல்லது அதன் சொந்தக்காரர் பேரன் பேத்தியோடு உலகம் சுற்றக் கிளம்பிவிடுவார். ஊரில் அதற்குப் பிறகு யாரும் சரியாகத் தூங்கவில்லை. தூங்கியவர் லைல் பாஸ்கோம்ப் ஒருவர்தான்.

லைலுக்கு அறுபத்தொன்று வயது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். மன்றத்துக்கு அவர் வந்ததே ஒரு விபத்து. இரண்டு வருடத்துக்கு முன் டிப்போ சாலைப் பள்ளத்தைப் பற்றிப் புகார் சொல்லப் போனார். “இதை நீங்களே மன்றத்துல வந்து சொல்லலாமே” என்று ஒரு படிவத்தை நீட்டினார்கள். புகார்ப் படிவம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டார். அந்த வருடம் வேறு யாரும் நிற்கவில்லை. மூன்றாம் வாரம் உறுப்பினராக உறுதிமொழி எடுத்துக்கொண்டார். பள்ளத்தைப் பற்றி அவர் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. பள்ளத்தைச் சுற்றி ஆரஞ்சு நிறக் கூம்புகள் வைத்தார்கள்.

மே மாதக் கூட்டத்தில் கடிதம் விவாதத்துக்கு வந்தது. ஏழு உறுப்பினர்களும் வந்திருந்தார்கள். தலைவர் க்ளெனிஸ் மார்வுட் எழுந்து நின்றார். குதிரைப் பண்ணை வைத்திருக்கும் அம்மையார்; காரின் பின்கண்ணாடியில் ‘யாரிலப்பை யாரிலப்பாகவே விடு’ என்று ஒட்டியிருப்பவர்.

“இருபது வருஷமா ஒரே பேச்சுதான் பேசறேன். இந்தக் காத்து, இந்த வானம், இந்த மண்ணு. இதுல ஒரு செங்கல்லுகூட விழ விடமாட்டேன். என் உயிர் இருக்கிற வரைக்கும் யாரிலப் யாரிலப்தான். இதைப் பதிவு பண்ணிக்கோங்க.” மூச்சு வாங்கிக்கொண்டார். “அப்புறம், மேற்கு எல்லையில எனக்கு நூத்தியிருபது ஏக்கர் இருக்கு. அதனால அக்கறையை அறிவிச்சுட்டு வெளியே போறேன். அதையும் பதிவு பண்ணிக்கோங்க.”

இது சட்டம். ஒரு விஷயத்தில் அக்கறை, அதாவது தன் சொந்த லாப நஷ்டம், உள்ள உறுப்பினர் அதை அறிவித்துவிட்டு அறையை விட்டு வெளியேற வேண்டும். அக்கறை இல்லாதவர்கள் உட்கார்ந்து முடிவெடுக்கலாம். நாட்டிலுள்ள எல்லா மன்றங்களும் இப்படித்தான் நடக்கின்றன. அவற்றின் முடிவுகளைப் பார்த்தாலே தெரியும்.

க்ளெனிஸைத் தொடர்ந்து ரெக்ஸ் ஹாலோரன் எழுந்தார். மாடு வளர்ப்பவர், ஓடையோரம் நிலம். அவரும் மாட்டைப் பற்றி உருக்கமாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு அக்கறையை அறிவித்தார். மூன்றாமவருக்கு மனைவி பெயரில் நிலம். நாலாமவர் நிலத் தரகர். ஐந்தாமவருக்கு இப்போதைக்கு எதுவும் இல்லை, ஆனால் மாமியாருக்கு இருக்கிறது. மாமியாருக்குத் தொண்ணூற்றுநாலு வயது, நன்றாக நடமாடுகிறார். ஆனாலும் நம்பிக்கையும் ஒருவகை அக்கறைதானே என்று அவர் மனசாட்சியோடு எழுந்து போனார். ஆறாமவர் எதற்கு என்று சொல்லாமலேயே போனார். வராந்தாவில் ஸ்கோன் ரொட்டியும் ஜாமும் வைத்திருந்தார்கள்.

அறையில் லைலும் தலைமை நிர்வாக அலுவலர் ஆஷ்லி பென்ரோஸும் மிஞ்சினார்கள். பென்ரோஸ் சட்டப் புத்தகத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துத் தூங்கும் ரகம்.

“உறுப்பினர் பாஸ்கோம்ப், உங்களுக்கு நிலம்?”

“இல்ல.”

“வீடு?”

“வாடகை. ரெக்ஸோட பழைய பலகை வீடு, ஓடையோரம்.”

“பங்கு, பத்திரம், கூட்டு வியாபாரம்?”

“தீயணைப்புக் குழு குலுக்கல்ல ஒரு சீட்டு வாங்கினேன். அதுவும் பெட்ரோல் பங்க் கடை நோலாவும் நானும் பாதிப் பாதி.”

பென்ரோஸின் முகம் மலர்ந்தது. “அப்போ உங்களுக்கு அக்கறையே இல்லை.”

“அப்படிச் சொல்லிட முடியாது சார். இந்த ஊர்லதானே...”

“சட்டப்படி இல்லை. நீங்க உக்காருங்க. நீங்கதான் மன்றம்.”

ஒருவரை வைத்து மன்றம் நடத்த அமைச்சரின் அனுமதி வேண்டும். எழுதிப் போட்டார்கள். எட்டு வாரம் கழித்துப் பதில் வந்தது: இந்த ஒரு பொருளுக்கு மட்டும், யாரிலப் மன்றத்தின் கோரம், அதாவது கூட்டம் நடக்கத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை, ஒன்று எனக் குறைக்கப்படுகிறது. இதைவிடக் கோரம் எங்கள் மன்றத்துக்கு அதுவரை வந்ததில்லை.

ஜூலை மாதம் முதல் தனிக் கூட்டம் நடந்தது. ஒருவர் தீர்மானத்தை முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். இன்னொருவர் இல்லையே என்றார் லைல். பென்ரோஸ் புத்தகத்தைப் புரட்டினார். முன்மொழிந்தவர் அதே இருக்கையிலிருந்து வழிமொழியக் கூடாது என்றுதான் இருக்கிறது, இருக்கை மாறினால் தடை எதுவும் காணவில்லை. லைல் முன்மொழிந்துவிட்டு எழுந்து, மேசையைச் சுற்றிப் போய், ரெக்ஸின் நாற்காலியில் உட்கார்ந்து வழிமொழிந்தார். பிறகு தலைவர் நாற்காலிக்குப் போய் வாக்கெடுப்பு நடத்தினார். அந்த நாளின் நடவடிக்கைக் குறிப்பு இன்னும் நூலகத்தில் இருக்கிறது: ‘உறுப்பினர் பாஸ்கோம்ப் ஒரு சந்தேகம் எழுப்பினார். தலைமை வகித்த உறுப்பினர் பாஸ்கோம்ப், அது நல்ல கேள்வி என்றும் தமக்கும் தெரியாது என்றும் பதிலளித்தார். உறுப்பினர் பாஸ்கோம்ப் திருப்தி தெரிவித்தார்.’

வெளியேறியவர்கள் சும்மா இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. கோட்டைப் பற்றி லைலிடம் பேசுவது குற்றம். அதனால் யாரும் பேசவில்லை. ரெக்ஸ் பெட்ரோல் பங்க் கடையில் அவரைப் பிடித்துக்கொண்டார். இருவருக்கும் முப்பது வருடப் பழக்கம்.

“மச்சான், நான் ஒண்ணும் சொல்லல. சொல்லவும் கூடாது.”

“சொல்லாதே.”

“ஓடைக்கு இந்தப் பக்கம் மேடா, சமமா, வெள்ளம் வராம ஒரு எடம் இருக்கு பாரு. அதைப் பத்தி நான் மூச்சுகூட விடல.”

“சரி.”

“முந்தாநாள் ஒரு கனவு. அந்த எடம் முழுக்க வீடு வீடா நிக்குது. ரொம்ப பயங்கரமான கனவு. ஆனா தண்ணிக் குழாய் போடறது அவங்களுக்கு ரொம்ப சுலபமா இருந்துச்சு. கனவைச் சொல்லலாமில்ல?”

“கனவு சொல்லலாம்னுதான் நினைக்கிறேன்.”

க்ளெனிஸ் கனவு காண்கிற ஆள் இல்லை. ஒரு நாள் பேருந்துக்கு முன்னால் காரைக் குறுக்கே நிறுத்தி இறங்கி வந்தார்.

“லைல், கோட்டைப் பத்திப் பேச நான் வரல. நான் என் கொள்கையைப் பத்திப் பேச வந்திருக்கேன். யாரிலப்ல ஒரு செங்கல்லு விழக் கூடாது.”

“தெரியும்மா. கார்லயே ஒட்டியிருக்கீங்களே.”

“ஆனா கொள்கைன்னா என்ன? எல்லாத்துக்கும் ஒரு எல்லை உண்டு. என்னோட கொள்கைக்கும் ஒரு எல்லை இருந்தா, அது என் கிழக்கு வேலிக்குக் கொஞ்சம் கிழக்கால இருந்தா, நான் அதுக்காக உண்ணாவிரதம் எல்லாம் இருக்கமாட்டேன். அவ்வளவுதான்.”

மற்றவர்கள் வாயைத் திறக்கவே இல்லை. பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் பொருளை வைத்துவிட்டுப் போனார்கள். அன்பளிப்பு வந்தால் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று பென்ரோஸ் சொல்லியிருந்ததால் லைல் எல்லாவற்றையும் எழுதினார்: ஆரஞ்சு மார்மலேட் ஜாம் ஆறு குப்பி. பூசணி இரண்டு. ஆட்டுக்குட்டி பாதி, பின்பக்கம். இறைச்சி வைத்துச் சுட்ட அப்பம் நான்கு (சாப்பிட்டாகிவிட்டது). ஒரு மாதத்தில் பதிவேடு நிறைந்து இரண்டாவது வாங்க வேண்டியதாயிற்று. அதையும் யாரோ அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார்கள்.

ஆகஸ்டில் வாரியத்திலிருந்து டாக்டர் இமோஜென் சாலிஸ் வந்தார். தொலைநோக்குப் பிரிவின் இயக்குநர். ஐந்து நிறங்களில் ஒட்டுச் சீட்டுகள், ஒரு பெரிய வரைபடம், வாயில் ஓயாத புன்னகை. நாற்பது பேருக்கான பயிலரங்கு, ஒருவர் வந்திருந்தார்.

“பரவாயில்ல. முறைன்னு ஒண்ணு இருக்கில்ல, அதை விடக் கூடாது. முதல்ல மூணு குழுவாப் பிரிஞ்சிக்கோங்க.”

லைல் சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு, கேட்டவர் மனம் நோகக் கூடாது என்று, மூன்று மேசைகளுக்கும் மாறி மாறிப் போய் உட்கார்ந்தார்.

“இப்போ கண்ணை மூடுங்க. ரெண்டாயிரத்து எழுபது. காலையில எழுந்திருக்கீங்க. என்ன தெரியுது?”

“எனக்கு நூத்தியேழு வயசு மேடம்.”

“அருமை!” என்று அவர் மஞ்சள் சீட்டில் ‘நீண்ட ஆயுள்’ என்று எழுதி ஒட்டினார். “வேற?”

“பாலத்துல ஒத்தை வழி. எதிர்ல ஆடு ஏத்தின லாரி வந்தா நான் ஒதுங்கி நிக்கணும்.”

பச்சைச் சீட்டு: ‘நிதானமான போக்குவரத்துப் பண்பாடு.’

“டிப்போ சாலையில ஒரு பள்ளம் இருக்கு. மழை பெஞ்சா வாத்து வந்து நீந்துது.”

நீலச் சீட்டு: ‘நகர்ப்புற ஈரநிலம்.’

கண்ணை மூடியே உட்கார்ந்திருந்ததில் லைல் கொஞ்சம் தூங்கிவிட்டார். விழித்தபோது டாக்டர் சாலிஸ் மெதுவாக ஊதாச் சீட்டு ஒன்றை ஒட்டிக்கொண்டிருந்தார். அதில் ‘அமைதி’ என்று இருந்தது.

“நான் ஒரு உண்மையைச் சொல்லிடறேன்,” என்றார் அவர் கிளம்பும்போது. “நான் எத்தனையோ மன்றத்துக்குப் போயிருக்கேன். எல்லா எடத்துலயும் ஜனங்க வந்து கத்துவாங்க. எங்களால யோசிக்கவே முடியாது. மக்கள் இல்லாம மக்களோட கருத்தைக் கேக்கறது எவ்வளவு நல்லா இருக்குன்னு இங்கதான் பாத்தேன்.”

வரைபடத்தை விட்டுவிட்டுப் போனார். லைல் அதைச் சுவரில் மாட்டி, பேருந்துப் பாதையை விரலால் தடவிப் பார்த்தார். தினம் இருமுறை போகிற வழி என்பதால் எந்த வளைவில் எந்த நிலம் என்று அவருக்கு மனப்பாடம். கட்டினால் வெள்ளத்தில் போகாத இடம், சாலைக்கும் தண்ணீருக்கும் பள்ளிக்கும் பக்கத்தில் இருக்கிற இடம், மொத்த ஷயரிலும் ஒன்றுதான். ரெக்ஸின் ஓடைமேடு. க்ளெனிஸின் நூற்றிருபது ஏக்கர் பாதி பாறை, பாதி சேறு. மற்றவர்களுடையதெல்லாம் தொலைவு.

ஓடைமேட்டின் நடுவில் ஒரு சின்னச் சதுரம் இருந்தது. அது அவர் பத்தொன்பது வருடமாக இருக்கும் பலகை வீடு.

மறுநாள் பென்ரோஸைப் போய்ப் பார்த்தார். “சார், எனக்கும் அக்கறை இருக்கு. கோடு அங்க விழுந்தா ரெக்ஸ் நிலத்தை வித்துடுவான். நான் தெருவுல நிக்கணும். நானும் வெளியே போயிடறேன்.”

பென்ரோஸ் கதவைச் சாத்திவிட்டுப் புத்தகத்தைத் திறந்தார். ஒரு மணி நேரம் படித்தார். “ஒப்பந்தம் இருக்கா?”

“வாயால சொன்னதுதான்.”

“அப்போ வாரா வாரம் நீள்ற வாடகை. சட்டம் தெளிவா இருக்கு. ஒரு முடிவால ஒருத்தருக்கு லாபம் வந்தா அது அக்கறை. சொத்து வச்சிருக்கறவருக்கு நஷ்டம் வந்தாலும் அக்கறை. உங்களுக்குச் சொத்து இல்லை. அதனால வீடு போறது அக்கறையில வராது.”

“பின்ன அதுக்குப் பேர் என்ன?”

பென்ரோஸ் பொருளடக்கத்தைப் பார்த்தார். “பேர் வைக்கல,” என்றார் வருத்தத்தோடு.

லைல் பெட்ரோல் பங்க் கடைக்குப் போனார். கடையில் நிற்கும் நோலாதான் அவர் வழக்கமாகப் பேசுகிற ஆள். ஐம்பதைத் தாண்டியவள். எழுபது கிலோமீட்டர் தள்ளியிருந்து தினம் வந்து போகிறாள்.

“கோட்டை வடக்கே கொஞ்சம் தள்ளிப் போட்டுட்டா நான் பாட்டுக்கு இருந்துடலாம்,” என்றார் லைல். “யாரும் கேக்கமாட்டாங்க. எனக்கு அக்கறையே இல்லைன்னு அமைச்சரே கையெழுத்துப் போட்டிருக்கார்.”

நோலா காபி இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “போட்டுக்கோ. யார் வேணாம்னா?”

“நீ என்ன சொல்றே?”

“நான் நாலு வருஷமா இந்த ஊர்ல ஒரு வாடகை வீடு தேடறேன். மொத்தம் பதினொண்ணு இருக்கு, பதினொண்ணுலயும் ஆள் இருக்கு, அதுல ஒண்ணுல நீ இருக்கே. நான் என்ன சொல்ல?” துணியை உதறினாள். “உன் பஸ்ல எத்தனை சீட்டு?”

“நாப்பத்தொண்ணு.”

“பிள்ளைங்க?”

லைலுக்குக் கணக்கு தெரியும். பதினாலு. போன வருடம் பத்தொன்பது. பன்னிரண்டுக்குக் கீழே போனால் பேருந்தை நிறுத்திவிடுவார்கள், அப்புறம் பள்ளியை. அவர் காபியை ஆறவிட்டுக் குடித்தார்.

செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி இறுதிக் கூட்டம். வராந்தாவில் ஆறு உறுப்பினர்களும் வந்து நின்றார்கள். அக்கறை உள்ளவர்கள் அறைக்குள் இருக்கக் கூடாது என்றுதான் சட்டம். ஜன்னலில் மூக்கை அழுத்தக் கூடாது என்று இல்லை. கண்ணாடியில் ஆறு மூக்கு வெள்ளையாகத் தெரிந்தது.

பென்ரோஸ் சிவப்புப் பென்சில் ஒன்றை நீட்டினார். லைல் வாங்கி வரைபடத்தின் மேல் குனிந்தார். கை வடக்கே போனது. அங்கே கொஞ்ச நேரம் நின்றது. ரெக்ஸின் மூச்சில் ஜன்னல் மங்கிவிட்டது. அவர் சட்டைக் கையால் துடைத்தார். லைல் பென்சிலைத் தெற்கே கொண்டுவந்து, க்ளெனிஸின் பாறையையும் சேற்றையும் வெளியே விட்டு, ஓடைமேட்டைச் சுற்றி, பள்ளிக்கூடம் வரைக்கும், பேருந்து திரும்புவது போல அகலமாக வளைத்து ஒரு கோடு போட்டார். அந்தச் சின்னச் சதுரம் கோட்டுக்கு உள்ளே, வீடு கட்டலாம் என்ற பக்கத்தில், விழுந்தது.

முன்மொழிந்தார். நாற்காலி மாறி வழிமொழிந்தார். வாக்கெடுப்பு நடந்தது. ஒருமனதாக நிறைவேறியது. ஜூலைக் கூட்டத்தை விட்டால், எங்கள் மன்ற வரலாற்றில் ஒருமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம்.

கதவைத் திறந்து பென்ரோஸ் வாசித்தார். க்ளெனிஸுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவருடைய நூற்றிருபது ஏக்கரும் 2070 வரை காற்றும் வானமும் மண்ணுமாகவே இருக்கும். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் கேமராவோடு நின்றதால் அவர் லைலின் கையைப் பிடித்துக் குலுக்கிச் சிரிக்க வேண்டியிருந்தது. சிரித்தபடியே காதோரம் குனிந்தார்.

“இருபது வருஷமா நான் கேட்டதை இப்படியா ஒரேயடியாக் கொடுப்பே, படுபாவி?”

“நீங்க பதிவு பண்ணச் சொன்னீங்களேம்மா.”

ரெக்ஸ் தொப்பியை எடுத்தார், திரும்ப வைத்தார், பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வாரியம் கோட்டை அப்படியே ஏற்றுக்கொண்டது. மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரெக்ஸ் லைல் வீட்டுக்கு வந்தார். கையில் கடித உறை. கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். பத்தொன்பது வருடத்தில் அவர் அந்தக் கேட்டைத் திறக்க அனுமதி எதிர்பார்த்து நின்றது அன்றுதான்.

“வீட்டைக் காலி பண்ண அறுபது நாள் கொடுத்திருக்கு. நகரத்து மனை கம்பெனிக்காரன். காலி வீடாத்தான் வேணுமாம்.”

“தபால்ல போட்டிருக்கலாமே.”

“போட்டேன். அப்புறம் தபால் பெட்டியில கையை விட்டு எடுத்துட்டேன். கை மாட்டிக்கிச்சு.” மணிக்கட்டில் சிராய்ப்பைக் காட்டினார். “என் முழங்கால் ரெண்டும் போச்சு லைல். பசங்க ரெண்டு பேரும் சுரங்கத்துக்குப் போயிட்டானுங்க. மாட்டை யார் பாக்கறது?”

“தெரியும்.”

“நீ கோட்டை அந்தப் பக்கம் போட்டிருக்கலாம். நான் கேட்டிருக்கவே மாட்டேன்.”

“நீ கனவு சொன்னியே.”

“சனியன், கனவைப் போய் யாராவது நம்புவாங்களா?” ரெக்ஸ் மூக்கைச் சிந்தினார். “இந்த ஊர்ல ஆளைப் பாக்காம என் நிலத்தை மட்டும் பாத்தவன் நீ ஒருத்தன்தான். அதுக்கு உன்னையே வெளியே அனுப்பறேன். என்னை ரெண்டு திட்டு திட்டேன்டா.”

லைல் கேட்டைத் திறந்தார். “உள்ள வா,” என்றார். “ஃப்ரிட்ஜைத் தூக்கணும். ஒத்தை ஆளா முடியாது.”

வாடகைக்கு வீடு ஷயரில் எங்கும் இல்லை. ஷயருக்கு வெளியே போனால் உறுப்பினர் பதவி போய்விடும். கடைசியில் மன்றத்தின் வண்டிக் கொட்டகையில் ஒரு கேரவன் நிறுத்திக்கொள்ள லைல் விண்ணப்பித்தார். அந்த விண்ணப்பம் நவம்பர் கூட்டத்துக்கு வந்தபோது பென்ரோஸ் தொண்டையைக் கனைத்தார். “உறுப்பினர் பாஸ்கோம்ப், இதுல உங்களுக்கு அக்கறை இருக்கு.”

லைல் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். இரண்டு வருடத்தில் முதல்முறையாக அக்கறையை அறிவித்து, மற்ற ஆறு பேரும் பார்க்க, நிமிர்ந்த நடையில் வராந்தாவுக்குப் போனார். ஸ்கோன் உண்மையிலேயே நன்றாக இருந்தது. அவர் இரண்டாவதை முடிப்பதற்குள் அனுமதி கிடைத்துவிட்டது. மூன்று நிபந்தனைகள் போட்டிருந்தார்கள். கேரவன் வீடாகக் கருதப்படமாட்டாது. அதில் இருப்பவர் வசிப்பவராகக் கருதப்படமாட்டார். மன்ற உறுப்பினராகத் தொடரும் பொருட்டு மட்டும் வசிப்பவராகக் கருதப்படுவார். இடத்துக்கு ஈடாக, ஷயரில் ஆளில்லாத மனைகளில் காய்ந்த புல்லைத் தீ பிடிக்காதபடி அவர் வெட்டித் தர வேண்டும்.

ஆளில்லாத மனைகளில் முதலாவது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கம்பெனி ஓடைமேட்டை வாங்கி வேலி போட்டுப் பலகை நட்டிருந்தது. முதற்கட்டக் கட்டுமானம் 2058-இல் தொடங்கும். அதுவரை வீட்டை இடிக்க அனுமதி இல்லை, குடிவைக்கவும் அனுமதி இல்லை. நோலா அந்த வீட்டை வாடகைக்கு எழுதிக் கேட்டுப் பார்த்தாள். ‘எதிர்காலக் குடியிருப்புப் பகுதியில் நிகழ்காலத்தில் குடியிருப்பது திட்டத்துக்கு முரணானது’ என்று மரியாதையாகப் பதில் வந்தது.

கோடை உச்சமான டிசம்பரில் ஒரு நாள் லைல் அங்கே புல் வெட்டினார். நாற்பத்தோரு டிகிரி வெயில். மதியம் பழைய வீட்டுப் படி நிழலில் உட்கார்ந்து சாண்ட்விச்சைப் பிரித்தபோது வாசலில் ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. டாக்டர் சாலிஸ் இறங்கினார். பின்னால் எட்டுப் பத்துப் பேர், எல்லாருக்கும் ஒரே மாதிரித் தொப்பி. வேறு மாநிலத்துத் திட்ட அதிகாரிகளாம். 2070-ஐப் பார்க்க வந்திருந்தார்கள்.

“லைல்! நீங்களா!” டாக்டர் சாலிஸ் அவர்கள் பக்கம் திரும்பினார். “நான் சொன்னேனே, ஒருமனதா முடிவெடுத்த மன்றம், அது இவர்தான். நம்ம மத்த மன்றங்களுக்கும் இதையே மாதிரியா வைக்கலாம்னு பரிந்துரை பண்ணியிருக்கேன்.”

ஒருவர் படமெடுத்தார். இன்னொருவர் ஒலிவாங்கியை நீட்டினார். “இங்கே வாழ்க்கை எப்படி இருக்கு?”

லைல் சுற்றிப் பார்த்தார். வெட்டிய புல், வேலி, பலகை, அதற்கப்பால் ஓடைவரை ஒன்றுமில்லை.

“அமைதியா இருக்கு,” என்றார். “அக்கம்பக்கத்துக்காரங்க வர இன்னும் முப்பத்துநாலு வருஷம் ஆகும்.”

பிப்ரவரியில் வாரியத்தின் கையேடு வெளிவந்தது. வழவழப்பான தாள். நான்காம் பக்கம் முழுக்க லைல், படியில் உட்கார்ந்து, கையில் பாதி சாண்ட்விச். கீழே பெரிய எழுத்தில்: ‘அமைதியாக இருக்கிறது — யாரிலப் 2070-இன் முதல் குடியிருப்பாளர், தம் இல்லத்தில்.’ மன்றம் பெருமையோடு முந்நூறு பிரதிகள் வாங்கியது. க்ளெனிஸ் ஒன்றைச் சட்டம் போட்டு மன்ற அறையில் மாட்டினார்.

நோலா தன் பிரதியைக் கல்லாவுக்கு மேலே ஒட்டி வைத்தாள். லைல் காபிக்கு வந்தபோது அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நீ ரெண்டு வரி சொன்னதா சொன்னே. ஒண்ணுதானே போட்டிருக்காங்க?”

“போன் பண்ணிக் கேட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

லைல் காபியை ஊதினார்.

“இடம் இல்லையாம்.”